மோந்து பார்த்தேன்னு எழுதினது

என் வாலுக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் இங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் அங்க ஈரத் தலையோட வேலைக்கு ஓடாம, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளாம, நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் பேனாவைத் தொறந்திருக்கேன். நேத்துகூட வீடியோல மூஞ்சியைப் பார்த்துக்கிட்டோமே, அப்புறம் எதுக்குப்பா கடுதாசின்னு நீ சிரிப்ப. இருபத்து நாலு மணி நேரமும் போனோட கிடக்கறவன், உனக்கே புது எமோஜி எல்லாம் சொல்லிக்கொடுக்கறவன், திடீர்னு காகிதத்துல எழுதினா சந்தேகம் வரத்தான் செய்யும். விஷயம் என்னன்னா, போன்ல அனுப்புனா ரெண்டு நிமிஷத்துல அழிச்சிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எட்டு தடவை டைப் பண்ணி எட்டு தடவையும் அழிச்சாச்சு. தபால் பெட்டிக்குள்ள போட்டுட்டா கையை விட்டு வெளிய எடுக்க முடியாது, அதுக்குத்தான் இது.

முதல்ல வீட்டுச் சேதி. அம்மாவுக்கு லேப்ல காலை ஷிஃப்ட் கிடைச்சிருச்சு, அஞ்சரைக்கே கெளம்பிடறா, போறப்ப என் காலைக் கிள்ளிட்டுப் போறா, அதுதான் எனக்கு அலாரம். எனக்கு வேலை எப்பவும் போலத்தான், போன வாரம் ஒரு பன்னெண்டு மாடி ஆபீஸ்ல லிஃப்ட் கதவு சென்சார் கெட்டுப்போய், ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டு, நான் வெளிய நின்னு பேச்சுக் கொடுத்தே அரை மணி நேரம் ஓட்டினேன், வெளிய வந்ததும் அவர் என் பேரைக் கேட்டுட்டுப் போனார். புது வீட்டுல உன் ரூம் ஜன்னல் இப்போ ஒழுங்கா மூடுது. சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுது, லிஃப்டையே தூக்கி நிறுத்தறவருக்கு ஒரு வாஷர் மாத்த வரலையான்னு அம்மா தினமும் ஒரு தடவை கேக்கறா, அதுவும் வேளை தவறாம நடந்துக்கிட்டிருக்கு.

இனி தோட்டத்துக்கு வரேன். நாம இந்த வீட்டுக்கு வந்தப்போ பின்பக்கம் வெறும் மண்ணா கிடந்துச்சே, முதல் மழை அடிச்சதும் அங்கங்க என்னென்னமோ முளைக்க ஆரம்பிச்சுது, எதுவும் நாம போட்டது இல்ல, முன்னாடி இருந்தவங்க போட்டதா, காக்கா போட்டதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனக்குத் தலைகால் புரியல. உனக்குத் தெரியுமே, எதையாவது புடிச்சா நான் அளவா புடிக்க மாட்டேன். செடி கண்டுபிடிக்கிற ஆப் மூணு இறக்கினேன், செடி கண்டுபிடிக்கிற குழுவுல சேர்ந்தேன், சாப்பிட்டு வச்ச ஐஸ்க்ரீம் குச்சியெல்லாம் கழுவிக் காயவச்சு, ஒவ்வொரு முளைக்கும் பக்கத்துல பேர் எழுதி நட்டேன். குப்பைமேனி, கீழாநெல்லி, துத்தி. ஒரு கொடியை அரிய மூலிகைன்னு அஞ்சு ஃபோட்டோ போட்டு குழுவையே கலக்கினேன், அது அம்மா சாம்பாருக்கு நறுக்கிட்டு வீசின பூசணி விதைன்னு ரெண்டு வாரம் கழிச்சுக் காய் விட்டப்போதான் தெரிஞ்சுது, அம்மா அந்த மூலிகையைக் கூட்டு வச்சு எனக்கே போட்டா. அதெல்லாம் சிரிப்போட போச்சு. அந்தக் குழுவுல இலைப்புலின்னு ஒருத்தர் இருக்கார், அவரா அவளான்னுகூட யாருக்கும் தெரியாது, எந்த ஃபோட்டோ போட்டாலும் ஒரே வார்த்தையில பேர் சொல்லிட்டுப் போயிடுவார், தப்பினதே இல்ல. நான் அவரோட பக்கா ரசிகன். அவர் யாருக்கும் லேசுல ஹார்ட் போட மாட்டார். அவர்கிட்ட இருந்து ஒரே ஒரு ஹார்ட் வாங்கிடணும்னு, நாப்பத்து நாலு வயசுல, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அலைஞ்சேன்டா. இதை எழுதறப்பவே காது சுடுது.

வேலி ஓரமா ஒரு வரிசை முளைச்சுது, ஒல்லியா, பச்சையா, கொத்துக் கொத்தா. தோண்டிப் பார்த்தா கீழ சின்ன வெங்காயம் மாதிரியே கிழங்கு. ஆப்ல போட்டேன். முதல் வரியில வெங்காய இனம்னு அம்பத்தெட்டு சதவீதம், ரெண்டாவது வரியில மழை லில்லின்னு முப்பத்தேழு சதவீதம் வந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, ரெண்டாவது வரியை வெட்டிட்டு, முதல் வரி மட்டும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் போட்டு, எங்க வீட்டு வெங்காயத்தாள்னு எழுதினேன். அந்தக் குழுவுல ஒரு விதி உண்டு, வெங்காயம்னு யாரு சொன்னாலும் இலையைக் கசக்கி மோந்து பார்த்துட்டுத்தான் சொல்லணும், ஏன்னா வெங்காயம் மாதிரியே இருக்கற விஷக் கிழங்கு நிறைய உண்டு, வாசம் ஒண்ணுதான் காட்டிக் கொடுக்கும். இலைப்புலியே வந்து கேட்டார், மோந்து பார்த்தீங்களான்னு. அவர் என்கிட்ட நேரா பேசினது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போ மூணு நாளா ஜலதோஷம், மூக்கு ரெண்டும் சிமெண்ட் வச்சு அடைச்ச மாதிரி, அம்மா தாளிச்ச வாசமே தெரியல. தெரியலன்னு எழுதியிருக்கலாம். இல்ல, எழுந்து போய் அம்மாவை மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம், பத்து அடி தூரத்துலதான் துணி மடிச்சுக்கிட்டிருந்தா. நான் சோபாவை விட்டு எழுந்திருக்காம, மோந்து பார்த்தேன், நல்ல வெங்காய வாசம்னு எழுதினேன். ஹார்ட் வந்துச்சு. உனக்கு அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேனே, நீகூட அப்பா சாதிச்சுட்டார்னு ஸ்டோரி போட்டியே, அந்த ஹார்ட்.

லிஃப்ட் வேலையில சேர்ந்து இருபத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு நட்டைக் கையால திருகிப் பார்க்காம ஷீட்டுல டிக் அடிச்சது கிடையாது. அவசரம் அவசரம்னு மேனேஜர் கத்தினாலும், தொடாததுக்கு டிக் போட மாட்டேன் சார்னு சொல்லிட்டு நின்னிருக்கேன். அதை எத்தனை தடவை உன்கிட்டப் பெருமையடிச்சிருப்பேன், நீ பரீட்சையில பார்த்து எழுதாம வந்தப்போ நம்ம வீட்டு ரத்தம்னு சொன்னவன் நான்தான். அந்த வாயை இப்போ எங்க கொண்டுபோய் வச்சுக்கறதுன்னு தெரியல.

பக்கத்து வீட்டு அக்காவை உனக்கு வீடியோல காட்டியிருக்கேன்ல, காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு உனக்குக் கை ஆட்டினாங்களே, பொண்ணுங்க ஹாஸ்டல்ல முப்பது வருஷமா சமைக்கறவங்க. அவங்க வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கார், எப்பவும் ஏதாவது நக்கல் அடிச்சுக்கிட்டே இருக்கற மனுஷன், அவரை நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். நான் அந்தப் பெருமையை அக்காகிட்டயும் அளந்தேன், தோட்டம் பூரா வெங்காயத்தாள்க்கா, வேலி ஓரம் வேணுங்கறதைப் பறிச்சுக்கோங்கன்னு. அக்கா ஒரு இலையைக் கிள்ளி மூக்குகிட்ட கொண்டுபோனாங்க. என்ன தம்பி, வாசமே வரலையேன்னாங்க. இது மென்மையான ரகம்க்கா, நான் மோந்து பார்த்துட்டேன், பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன். முப்பது வருஷம் அடுப்படியில நின்ன மூக்கு அது, வாசம் இல்லன்னு சரியா சொல்லுச்சு. என் வார்த்தையை நம்பி அந்த மூக்கை அவங்க ஓரம் தள்ளிட்டாங்க. ஒரு கைப்பிடி பறிச்சுட்டுப் போய், ரெண்டு நாளா இருமிக்கிட்டிருந்த வீட்டுக்காரருக்கு முட்டையில போட்டுப் பொரிச்சுக் கொடுத்திருக்காங்க.

மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அக்கா என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதுல இருக்கு. அண்ணன் பாத்ரூம் வாசல்லயே உக்காந்துட்டார், வாந்தி நிக்கல, மூஞ்சி வெளுத்துப்போச்சு, அப்பவும் என்னைப் பார்த்துட்டு, தம்பி, பெரிய முள்ளு நின்னு போச்சுய்யா, சின்ன முள்ளு மட்டும் ஓடுதுன்னார். நான்தான் வண்டியில ஏத்திட்டுப் போனேன். அக்கா கையோட கொண்டுவந்திருந்த மிச்ச இலையை டாக்டர் பார்த்ததும், இது வெங்காயமே இல்லம்மா, தோட்டத்துல பூவுக்கு வளக்கற லில்லி, கிழங்கைத் தின்னிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்னு சொல்லி, டிரிப்ஸ் போட்டு ஒரு நாள் படுக்க வச்சார். மறுநாளே அண்ணன் எழுந்துட்டார், பயப்படாத, இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த டாக்டர் ரூம்ல என்ன நடந்துச்சுன்னா, அக்கா அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, என்னைப் பார்த்து, தம்பி, உன் வெங்காயத்தாளுக்குப் பக்கத்துல இருந்த வேற எதையோ நான் பறிச்சுட்டேன் போலிருக்கே, வாசம் வரலன்னு தெரிஞ்சும் பறிச்சுட்டேனேன்னாங்க. கேக்கவேயில்ல அவங்க, அவங்களே அப்படி முடிவு பண்ணிக்கிட்டாங்க. நான் சொன்னேன், அப்படித்தான்க்கா இருக்கும்னு.

அப்படித்தான்க்கா இருக்கும். சொல்லிட்டேன், வாலு. வாயில இருந்து வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன், யோசிச்சுத்தான் சொன்னேன். வெளிய வந்து ஹாஸ்பிடல் படியில உக்காந்து, குழுவுல இருந்த போஸ்டை டெலிட் பண்ணேன். அடுத்த வேலையா உனக்குப் போன் போட்டேன். உன் சுவெட்டர் பார்சலோட, எங்கப்பா தோட்டத்து வெங்காயம்னு நீ ஸ்டோரி போடறதுக்காகவே ஒரு பை கிழங்கு அனுப்பி வச்சிருந்தேனே. அந்தக் கிழங்குல பூஞ்சை புடிச்சிருக்கு, தொடாத, குப்பையில போடுன்னேன். நீ வீடியோலயே குப்பைத்தொட்டியில கொட்டிக் காட்டினப்போதான் எனக்கு உயிர் வந்துச்சு. பூஞ்சையும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ அப்போ என்ன சொன்ன தெரியுமா, பாவம்ப்பா நீ, ஆசையா அனுப்பினியே, உன் தப்பு இல்லப்பான்னு சொன்ன. நான் ம்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் பதினேழு நாள் போச்சு. அந்தப் பதினேழு நாளும் பக்கத்து வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அம்மா வந்து வந்து சொல்லுவா, நான் போனை நோண்டற மாதிரி கேட்டுக்கிட்டிருப்பேன். அண்ணன் சாப்பிட உக்கார்றப்போ எல்லாம், இன்னிக்குச் சாப்பாடா புல்லான்னு நக்கல் அடிப்பாராம், அவருக்கு அது வெறும் தமாஷ், அக்காவுக்கு ஒவ்வொண்ணும் ஊசி. கொத்தமல்லியைக்கூட அம்மாகிட்டக் காட்டி, இது கொத்தமல்லிதானேன்னு கேட்டாங்களாம். உப்பு டப்பாவை மூணு தடவை தொறந்து நக்கிப் பார்த்துட்டுத்தான் போடறாங்களாம். கடைசியில அம்மா ஒரு நாள் வந்து, அக்கா ஹாஸ்டல்ல மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டாங்களாம், அறுபது புள்ளைங்க சாப்பிடற இடம், என் கையை இனிமே நம்ப முடியாதுன்னு அழறாங்கன்னு சொன்னா. நான் அப்பவும், வயசாகுதுல்லன்னு சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தா. என்ன கண்டுபிடிச்சாளோ.

அந்த வாரம் மூணு நாள் விடாம மழை. போன ஞாயித்துக்கிழமை காலையில பல் விளக்கிக்கிட்டே பின்கதவைத் தொறந்தா, வேலி ஓரம் பூரா ரோஸ் கலர். ஒவ்வொரு கொத்துலயும் பூ, நான் வெங்காயத்தாள்னு எழுதி நட்ட அஞ்சு குச்சிக்கும் பக்கத்துல பூ, ஒரு கொத்து பாக்கி இல்லாம. மழை லில்லி. மழை பெய்ஞ்சதும் தானா தன் பேரைச் சொல்லிடுச்சு. என் வாழ்க்கையில அவ்வளவு அழகா ஒண்ணைப் பார்த்து அவ்வளவு பயந்தது கிடையாது. அக்கா துணி காயப்போட வந்து சுவருக்கு மேல எட்டிப் பார்த்தா போதும், அங்க வெங்காயத்தாளே இருந்ததில்லன்னு தெரிஞ்சுடும். நான் என்ன பண்ணேன், வாயில பிரஷ்ஷோட, வேலைப் பையைக் கொண்டுவந்து ஸ்பேனர் எல்லாத்தையும் தரையில கொட்டிட்டு, குனிஞ்சு குனிஞ்சு எல்லாப் பூவையும் பறிச்சுப் பைக்குள்ள திணிச்சேன். மொட்டைக்கூட விடல. குச்சியையும் புடுங்கினேன். பை நிறைஞ்சதும் நிமிர்ந்தா, அம்மா ஜன்னல்ல நிக்கறா.

எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. என்ன பறிக்கறீங்கன்னு கேட்டா. பூன்னேன். எந்த வெங்காயத்துலங்க ரோஸ் கலர்ல பூன்னா. அவ்வளவுதான், அந்த ஈர மண்ணுலயே உக்காந்துட்டேன், நுரையைத் துப்பிட்டு, ஜலதோஷத்துல ஆரம்பிச்சு டாக்டர் ரூம் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். அம்மா கத்தினா தேவலாம்னு இருந்துச்சு. கத்தல. அந்தக்கா பதினேழு நாளா அடுப்பைப் பார்த்து நடுங்குது, நீங்க இங்க பூ பறிச்சுக்கிட்டிருக்கீங்க, நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவான்னா. அவ செருப்பைத் தேடறதைப் பார்த்ததும் நானே எழுந்துட்டேன்.

பையோடதான் போனேன். அண்ணன் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார், வாய்யா செடி டாக்டர், இன்னிக்கு என்ன விஷம்னு கேட்டார். அக்கா அரிசியை மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பொறுக்கிக்கிட்டிருந்தாங்க. முன்னாடி கண்ணாடியே போட மாட்டாங்க. நான் பையை அவங்க சாப்பாட்டு மேஜையில கவுத்துட்டேன். ரோஸ் பூவு, மண்ணு, ஒரு ஸ்க்ரூடிரைவர், அஞ்சு ஐஸ்க்ரீம் குச்சி. அக்கா ஒரு குச்சியை எடுத்து வெங்காயத்தாள்னு சத்தமா படிச்சாங்க, பூவைப் பார்த்தாங்க. அப்போ நான் பறிச்சது நீ காட்டின இடத்துலயேதானான்னாங்க. ஆமாக்கா. அங்க வேற எதுவும் இருந்ததே இல்லையா. இல்லக்கா. மோந்து பார்த்தேன்னு சொன்னியே. மூக்கு அடைச்சிருந்துச்சுக்கா, மோக்கவே இல்ல. அக்கா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு ஒரு பூவைக் கசக்கி மூக்குல வச்சு இழுத்தாங்க, ரொம்ப நேரம். அப்புறம் அண்ணனைப் பார்த்து, என் மூக்கு நல்லாத்தாங்க இருக்கு, நான் அன்னிக்கே வாசம் இல்லன்னு சொன்னேங்கன்னாங்க. அவங்க மூஞ்சியில சந்தோஷம்டா. என்னைத் திட்டறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு, அதைப் பார்க்கறதுக்கு ரெண்டு அறை வாங்கியிருக்கலாம். அண்ணன் பேப்பரை மடிச்சு வச்சுட்டார், முதல் தடவையா அவருக்கு நக்கல் வரல. நான் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேனேம்மான்னு மெதுவா சொன்னார்.

திட்டு அதுக்கப்புறம்தான் வந்துச்சு. என்னை எப்பவும் தம்பி தம்பின்னு கூப்பிட்டவங்க, பதினேழு நாளா உப்பை நக்கிப் பார்க்கறேன்டான்னாங்க. அந்த டா கேட்டதும் தலை தொங்கிருச்சு. தெரியலங்கறதுக்கு அஞ்சு எழுத்துக்கூட இல்லையேடா, அதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா, என் வீட்டுக்காரன் உசிரோட வெளையாடியிருக்க, அதையாவது தெரியாம பண்ணினேன்னு விடலாம், ஹாஸ்பிடல்ல என் மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சேதானே சொன்னன்னாங்க. எந்தக் குழுவுல பெருமையடிச்சியோ அங்க போய் எழுது, எழுதிட்டு வா, அப்புறம் உன்கிட்டப் பேசறதா வேண்டாமான்னு நான் யோசிக்கறேன்னாங்க. அவங்க வாசல்ல நின்னே எழுதினேன், வெட்டாத ஸ்க்ரீன்ஷாட்டோட, பூ ஃபோட்டோவோட, மூக்கு அடைச்சிருந்ததையும் சேர்த்து. அப்போதான் உறைச்சுது, பழைய போஸ்ட்டுக்குக் கீழ ஒரு பொண்ணு, எங்க வீட்டுலயும் இதேதான் இருக்கு, நாளைக்குச் சட்னிதான்னு எழுதியிருந்தா. நான் எச்சரிக்காம மொத்தத்தையும் டெலிட் பண்ணியிருக்கேன். அவளைத் தேடிப் புடிச்சுக் கேட்டேன். எங்க ஆடு மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு அங்கிள், அதனால நானும் விட்டுட்டேன்னா. ஒரு ஆட்டுக்கு இருந்தது எனக்கு இல்ல. இலைப்புலி என்ன பண்ணார் தெரியுமா, முன்னாடி நான் போட்ட வேற ஒரு துத்திச் செடிக்கு அவர் கொடுத்திருந்த லைக்கையும் எடுத்துட்டார். எடுக்கட்டும்.

அக்கா மறுநாளே ஹாஸ்டலுக்குப் போய், வேலையை விட்டு நிக்கலன்னு சொல்லிட்டாங்க, கண்ணாடி இல்லாமத்தான் போனாங்களாம். என்கிட்ட நேத்து வரைக்கும் பேசல. அம்மாவுக்கு மட்டும் சுவருக்கு மேல கிண்ணம் வருது, இது உனக்கு மட்டும்னு எனக்குக் கேக்கற மாதிரியே சொல்லிக் கொடுக்கறாங்க, அம்மாவும் என் முன்னாடி உக்காந்து சப்புக்கொட்டித் தின்னறா. நேத்து சாயங்காலம் குழாயடியில புதுசா ஒண்ணு முளைச்சிருக்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன், உருண்டை இலை, தண்டு செவப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, அது என்னதுன்னு குரல் வந்துச்சு. தெரியலக்கான்னேன். கசக்கிப் பார்த்தியான்னாங்க. பார்த்தேன்க்கா, எலுமிச்சை மாதிரி லேசா ஒரு வாசம், ஆனா பேர் தெரியலன்னேன். ம்னு ஒரு சத்தம், அப்புறம் வாளியைத் தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அந்த ம்மைத்தான் நேத்துல இருந்து வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

இன்னும் ஒருத்தர்கிட்டச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்துச்சு, அதையும் இதுல எழுதிட்டேன். நீ திட்டணும்னு நெனச்சா போன்ல திட்டு, எடுப்பேன், கட் பண்ண மாட்டேன். ஆனா திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. உன் தப்பு இல்லப்பான்னு அன்னிக்குச் சொன்னியே, அதை நான் உன்கிட்டப் பொய் சொல்லி வாங்கிட்டேன். அதை மட்டும் திருப்பி எடுத்துக்கோ.

நீ எங்க இருந்தாலும் உன் உடம்பும் மனசும் குறையில்லாம, நாலு பேர் நம்பற மாதிரி நிமிர்ந்து இருக்கணும், அது போதும் எங்களுக்கு. சுவெட்டரைத் துவைக்கறப்போ வெந்நீர்ல போடாதன்னு அம்மா சொல்லச் சொன்னா. அந்தக் குப்பைப்பை போயிருக்கும், இருந்தாலும் சமையலறை அலமாரியில ஒரு கிழங்காவது உருண்டு கிடக்குதான்னு கையை விட்டுப் பாரு, பார்த்துட்டுச் சொல்லு, பார்க்காம சொல்லாத.

இப்படிக்கு,
உன் அப்பா
(மூக்கு இப்போ சரியாயிடுச்சு)